வலியை வெளியே காட்டாதவருக்கு வலி இல்லையா?

கேள்வி இதுதான்: “மனம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, நடத்தைதான் மனம் என்கிறது நடத்தைவாதம். அப்படியானால் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொள்பவருக்கு வலியே இல்லை என்றாகிவிடாதா? இவ்வளவு சுலபமாக உடைகிற கொள்கையை ஸ்கின்னர், ரைல் மாதிரி ஆட்கள் எப்படி நம்பினார்கள்?”

உடைகிறது என்பது சரி. ஆனால் நீங்கள் கை வைத்த இடத்தில் உடையவில்லை. வலியை மறைப்பவர் என்ற உதாரணத்துக்கு அவர்களிடம் பதில் இருந்தது. அவர்களால் சமாளிக்க முடியாமல் போனவை வேறு இரண்டு. ஒரு சாதாரண நம்பிக்கையைக்கூட முழுசாக நடத்தையாகப் பெயர்த்துக் காட்ட அவர்களால் ஆகவில்லை. அதோடு, காரணம் என்கிற சங்கதிக்கு அவர்கள் கொள்கையில் இடம் இல்லை. அங்கே போவதற்கு முன்னால் உளவியலாளர் ஸ்கின்னரையும் தத்துவவாதி ரைலையும் பிரித்து வைக்க வேண்டும். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் மூன்று கடைகள் ஓடுகின்றன.

1913இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் சொன்னது ஆய்வுமுறை பற்றியது. உளவியல் ஓர் இயற்கை அறிவியலாக வேண்டுமென்றால், தன் மனதைத் தானே எட்டிப் பார்த்து எழுதும் அறிக்கைகளை விட்டுவிட்டு, எல்லோரும் பார்க்கக்கூடிய நடத்தையை மட்டும் அளக்க வேண்டும் என்றார். உள்ளே ஒன்றும் இல்லை என்பதும், உள்ளே இருப்பதை ஆய்வுக்கு எடுக்க மாட்டேன் என்பதும் ஒன்றல்ல. ஸ்கின்னர் இன்னொரு வகை. உள்ளே நடப்பவை உண்டு என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தன் பல்வலியும் தன் தட்டச்சுப் பொறியைப் போலவே பௌதிகமானதுதான் என்று 1945இல் எழுதியிருக்கிறார். அவர் மறுத்தது, அந்த உள் நிகழ்வுகளை நடத்தைக்கு மூலகாரணமாகக் காட்டிக் கணக்கை முடிப்பதை. “ஏன் சாப்பிட்டான்? பசித்தது, சாப்பிட்டான்” என்றால் அடுத்து “ஏன் பசித்தது?” என்று கேட்க வேண்டியிருக்கிறது; விடை கடைசியில் சூழலிலும் பழைய பழக்கத்திலும்தான் கிடைக்கும் என்பது அவர் கட்சி.

தத்துவ நடத்தைவாதம் மூன்றாவது கடை. அது ஆய்வகத்தைப் பற்றியதே அல்ல, சொற்களின் பொருளைப் பற்றியது. ‘வலி’, ‘நம்பிக்கை’, ‘கோபம்’, ‘புத்திசாலி’ என்று நாம் சொல்லும்போது எதைச் சொல்கிறோம்? ஒளிந்திருக்கும் ஓர் உள்மேடையில் நடப்பதையா, அல்லது அந்த மனிதர் என்ன செய்கிறார், இன்னின்ன சூழ்நிலையில் என்ன செய்வார் என்பதையா? இரண்டாவதுதான் என்பது இவர்கள் பதில். உங்கள் கேள்வி இந்த மூன்றாவது கடைக்குத்தான் போக வேண்டும். ஸ்கின்னருக்கு இதில் பெரிய பங்கு இல்லை.

இந்தப் பதில் பிறந்ததற்குப் பின்னால் ஒரு முந்நூறு வருடத் தலைவலி இருக்கிறது. மனம் இடத்தை அடைக்காத, சிந்திக்கும் பொருள். உடல் இடத்தை அடைக்கும், சிந்திக்காத பொருள் என்று 1641இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் பிரித்தார். இரண்டே வருடத்தில், 1643 மே மாதம், பொஹிமியாவின் இளவரசி எலிசபெத் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒன்றை நகர்த்த வேண்டுமென்றால் அதைத் தொட்டுத் தள்ள வேண்டும். தொடுவதற்குப் பரப்பு வேண்டும். பரப்பே இல்லாத ஆன்மா கையை எப்படித் தூக்குகிறது? தெக்கார்த் பதில் எழுதினார், மறுபடி எழுதினார், 1649இல் மூளையின் நடுவிலுள்ள பினியல் சுரப்பியில் இரண்டும் சந்திப்பதாகச் சொன்னார். சந்திக்கும் இடத்தைச் சொன்னாரே தவிர, எப்படிச் சந்திக்கின்றன என்பதைச் சொல்லவில்லை. இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சிக்கலும் வந்தது. என் மனதை நான் மட்டுமே பார்க்க முடியும் என்றால், எதிரே நிற்பவருக்கு மனம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நடத்தைவாதம் இந்த இரண்டையும் ஒரே வெட்டில் தீர்க்கப் பார்த்தது. மனம் தனிப்பொருள் இல்லையென்றால் உடலோடு அது எப்படி ஒட்டும் என்ற கேள்வியே எழாது. மனம் நடத்தையில் இருக்கிறதென்றால் அடுத்தவர் மனம் கண்முன்னே இருக்கிறது. அந்தக் கவர்ச்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

கண்டிப்பான வடிவத்தைக் கொடுத்தவர் கார்ல் ஹெம்பெல், 1935இல். வியன்னா வட்டம் என்ற தத்துவக் குழுவின் விதி அவர் கையில் இருந்தது: ஒரு வாக்கியத்தின் பொருள், அதைச் சரிபார்க்கும் நிபந்தனைகளே. “பாலுக்குப் பல்வலி” என்ற வாக்கியத்தை எடுத்து, எப்போதெல்லாம் அது சரிபார்க்கப்படும் என்று ஒரு பட்டியல் போட்டார். பால் அழுகிறார், இன்ன மாதிரி சைகை செய்கிறார். என்ன ஆச்சு என்று கேட்டால் “பல் வலிக்கிறது” என்ற சொற்களை உச்சரிக்கிறார். பல்லைத் திறந்து பார்த்தால் சொத்தை விழுந்து உள்ளே பற்கூழ் தெரிகிறது. ரத்த அழுத்தம், செரிமானம், எதிர்வினை வேகம் இவற்றில் இன்னின்ன மாறுதல்கள். மைய நரம்பு மண்டலத்தில் இன்னின்ன நிகழ்வுகள். அந்த வாக்கியம் சொல்வது இவ்வளவுதான்; இதற்கு மேல் ‘வலி’ என்று மிச்சம் எதுவும் இல்லை என்றார்.

அந்தக் கடைசி வரியைப் பலர் கவனிப்பதில்லை. நரம்பு மண்டலமே பட்டியலில் இருப்பதால், முகத்தில் சலனமே இல்லாத ஒருவருக்கும் இந்தக் கணக்குப்படி பல்வலி இருக்கலாம். அந்த மட்டில் அவர் தப்பித்துவிட்டார். ஆனால் தப்பித்த வழியே வேறொரு குழியில் கொண்டுபோய் விடுகிறது. நரம்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பாட்டிக்குப் ‘பல்வலி’ என்ற சொல்லின் பொருள் தெளிவாகத் தெரியும். பொருளே அந்தப் பட்டியல்தான் என்றால், பட்டியலில் பாதியை அறியாதவருக்குச் சொல்லின் பொருளும் பாதிதான் தெரிய வேண்டும். சான்றுகளை எவ்வளவு அடுக்கினாலும் அவை சான்றுகள்தான். சொல்லின் பொருளாக மாறிவிடாது.

கண்டிப்பான வடிவத்துக்கு இன்னொரு பிசகும் உண்டு, அது வெறும் தருக்கக் கோளாறு. ‘கரையக்கூடியது’ என்பதை “நீரில் போட்டால் கரையும்” என்று எழுதுகிறோம். சாதாரணத் தருக்கத்தில் “அ என்றால் ஆ” என்ற வாக்கியம், அ நடக்கவே இல்லையென்றால் தானாகவே உண்மையாகிவிடும். நேற்று முழுசாக எரிந்து சாம்பலான, ஒருநாளும் தண்ணீரைத் தொடாத ஒரு தீக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வரையறைப்படி அது நீரில் கரையக்கூடியது! உதாரணம் ருடால்ஃப் கார்னாப்புடையது. 1936–37இல் அவரே இதைக் காட்டி, முழு வரையறை என்ற பேச்சை விட்டுவிட்டுப் பகுதி வரையறைகளுக்கு இறங்கி வந்தார். ‘வலி’யிலும் இதே கதைதான்: யாரும் கேட்காதவரை, “கேட்டால் வலிக்கிறது என்பார்” என்ற நிபந்தனை கல்லுக்கும் பொருந்திப்போகும். நடக்காததை நடந்ததாக வைத்துப் பேசும் ‘போட்டிருந்தால் கரைந்திருக்கும்’ வகை வாக்கியம் வேண்டும். அது எதனால் உண்மையாகிறது என்ற கேள்வியோ கொஞ்சம் கழித்து மறுபடி வரும்.

இப்போது ரைல். கில்பர்ட் ரைல் 1949இல் வெளியிட்ட நூல் பெயர்ப்புப் பட்டியல் எதையும் தருவதாக வாக்குக் கொடுக்கவில்லை. அவர் காட்டியது வகைப்பிழை. ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த ஒருவருக்குக் கல்லூரிகள், நூலகங்கள், மைதானங்கள், ஆய்வகங்கள், அலுவலகங்கள் எல்லாம் சுற்றிக் காட்டுகிறார்கள். முடிந்ததும் அவர் கேட்கிறார்: “எல்லாம் சரி, பல்கலைக்கழகம் எங்கே?” பல்கலைக்கழகம் அந்தக் கட்டடங்களின் வரிசையில் விட்டுப்போன இன்னொரு கட்டடம் அல்ல, அவர் பார்த்ததெல்லாம் ஒழுங்குபட்டு நடக்கும் விதம் அது. ஒருவர் யோசித்து ஆடும் சதுரங்கம், கவனித்து ஓட்டும் வண்டி, நிதானித்துச் சொல்லும் பதில் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு “சரி, மனம் எங்கே?” என்று கேட்பதும் அதே தப்பு என்றார். தெக்கார்த்தின் படத்துக்கு அவர் வைத்த பெயர், ‘இயந்திரத்துக்குள் இருக்கும் பேய்’. தன்னை நடத்தைவாதி என்று முத்திரை குத்துவார்கள், அதில் தீங்கொன்றும் இல்லை என்று நூலிலேயே எழுதி வைத்தார். முத்திரை விழுந்தது. தீங்கும் விளைந்தது: ஹெம்பெலுக்கு எதிரான வாதங்களையெல்லாம் பாடநூல்கள் ரைல் தலையிலும் ஏற்றிவிட்டன.

ரைலின் முக்கியக் கருவி ‘இயல்பு’ என்ற கருத்து. தமிழில் இதை விளக்குவது சுலபம். ‘கண்ணாடி உடையக்கூடியது’ என்றால் அது இப்போது உடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள் இல்லை. ‘அவர் கோபக்காரர்’ என்றால் இந்த நிமிடம் கோபத்தில் இருக்கிறார் என்று பொருள் இல்லை. தூங்கும்போதும் அவர் கோபக்காரர்தான். கண்ணாடியின் இயல்பு ஒரே தடத்தில் வெளிப்படும்: அடித்தால் உடையும். கோபக்காரரின் இயல்பு நூறு தடத்தில் வெளிப்படும்: கத்துவார், கதவை அறைந்து சாத்துவார், மூன்று நாள் பேசமாட்டார், சில சமயம் அளவுக்கு மீறிய மரியாதையோடு பேசுவார். இத்தனையையும் ஒரு பட்டியலில் அடைக்க முடியாது என்று ரைலுக்கே நன்றாகத் தெரியும்.

இதை வைத்து உங்கள் கேள்விக்கு அவர் தரப்பில் பதில் சொல்லலாம். தெர்மாகோலில் பொதிந்து பெட்டியில் வைத்த கண்ணாடி, பெட்டி கீழே விழுந்தாலும் உடையாது. அதற்காக அது உடையாத கண்ணாடி ஆகிவிடுமா? இயல்பு இருக்கிறது, வெளிப்படத் தடை இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவரும் அப்படித்தான். தனியாக விட்டால் முனகுவார், மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்வார், நம்பகமானவர் கேட்டால் ஒப்புக்கொள்வார். பல்லைக் கடிப்பதேகூட ஒரு நடத்தைதானே.

1947இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையை இங்கே வைத்துப் பார்க்கலாம். சிந்தனை என்பது தொண்டைத் தசைகளின் நுண்ணிய அசைவு, அதாவது சத்தமில்லாத பேச்சு என்று வாட்சன் நினைத்திருந்தார். ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் தசைகளை முடக்கும் டியூபோகுராரின் மருந்தைத் தன் உடலிலேயே செலுத்தச் சொன்னார். மூச்சுத் தசைகள் நிற்பதற்குத் தேவையான அளவைப்போல இரண்டரை மடங்கு. செயற்கை சுவாசம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரால் இமையைக்கூட அசைக்க முடியவில்லை. மருந்தின் வேகம் தணிந்த பிறகு, நடந்ததையும் பேசியதையும் உடலில் பட்டதையும் அவர் சொன்னார். நினைவு ஒரு கணமும் தவறவில்லை. வாட்சனின் தொண்டைக் கொள்கை அதோடு முடிந்தது. ரைல் மட்டும் இதில் அடிபடமாட்டார். தசைமுடக்க மருந்து அவருக்கு இன்னொரு தெர்மாகோல், அவ்வளவுதான்.

ஆக, தடை என்ற கருத்து இருக்கும்வரை வலியை மறைப்பவர் பிரச்சினையே இல்லை. பிரச்சினை, அந்தத் தடையை விவரிக்கும்போது தொடங்குகிறது. மருந்து ஒரு பௌதிகத் தடை. பல்லைக் கடிப்பவரின் தடை என்ன? “மற்றவர் முன் அழக் கூடாது என்ற விருப்பம்.” விருப்பம் மனம் சார்ந்த சொல். நடத்தையை வைத்து வலியை விளக்கக் கிளம்பியவர் பாதிவழியில் விருப்பத்தைக் கடன் வாங்கிவிட்டார். இதைத்தான் 1957இல் பீட்டர் கீச், ரோடரிக் சிஷம் இருவரும் தனித்தனியே பிடித்தார்கள். இதுதான் உண்மையான உடைவு. எனவே ஒரு முறை செய்தே பார்த்துவிடுவோம்.

எடுத்துக்கொள்ளும் வாக்கியம்: ‘மழை வரும் என்று முருகன் நம்புகிறார்.’ இதை மனம் சார்ந்த சொல்லே இல்லாமல் பெயர்க்க வேண்டும். முதல் முயற்சி: வெளியே கிளம்பினால் குடை எடுப்பார், மாடியில் காயும் துணியை எடுத்துவிடுவார், வெயிலில் வடாம் இருந்தால் உள்ளே கொண்டுவருவார், “மழை வருமா?” என்று கேட்டால் “வரும்” என்பார். பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இப்போது ஒவ்வொன்றையும் அசைத்துப் பாருங்கள். முருகனுக்கு மழையில் நனைய ஆசை என்றால் குடை எடுக்கமாட்டார். சரி, ‘நனையக் கூடாது என்று விரும்பினால்’ என்று சேர்க்கிறோம். துணி பக்கத்து வீட்டுக்காரருடையது, அவரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் எடுக்கமாட்டார். அங்கேயும் ஒரு விருப்பத்தைச் சேர்க்கிறோம். குடை கிழிந்திருக்கிறது என்று நினைத்தால் எடுக்கமாட்டார். இங்கே இன்னொரு நம்பிக்கை நுழைகிறது. கேட்டால் “வரும்” என்று சொல்ல, கேள்வி அவருக்குப் புரிய வேண்டும், பொய் சொல்ல விருப்பம் இருக்கக் கூடாது.

விருப்பம்தானே, அதையும் நடத்தையாகப் பெயர்த்துவிடுவோம் என்று அடுத்த முயற்சி. ‘முருகன் நனையக் கூடாது என்று விரும்புகிறார்’ என்றால் என்ன? மழை வரும்போது ஒதுங்குவார். எப்போது? மழை வருகிறது என்று அவர் நம்பும்போது. கூரையின் கீழ் நின்றால் நனையமாட்டோம் என்று அவர் நம்பும்போது. நம்பிக்கையை விளக்க விருப்பம், விருப்பத்தை விளக்க நம்பிக்கை. வட்டம் முடிந்துவிட்டது.

பட்டியலை இன்னும் நீளமாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். எந்த ஒரு நடத்தையை எடுத்தாலும், பொருத்தமான விருப்பத்தைப் பக்கத்தில் வைத்தால் அது எந்த நம்பிக்கையோடும் ஒத்துப்போகும். குடை இல்லாமல் கிளம்புவது ‘மழை வராது’ என்ற நம்பிக்கையாலும் இருக்கலாம், ‘மழை வரும், நனைவோம்’ என்ற நினைப்பாலும் இருக்கலாம். நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற உறவே கிடையாது. மனநிலைகள் கூட்டமாகத்தான் நடத்தையைத் தீர்மானிக்கின்றன.

ரைல் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். இயல்பைச் சொல்லும் வாக்கியம் எந்த நிகழ்வையும் விவரிப்பதில்லை. அது ஒரு பயணச்சீட்டு. ‘கண்ணாடி உடையக்கூடியது’ என்ற சீட்டு கையில் இருந்தால் ‘கல் பட்டது’ என்ற நிலையத்திலிருந்து ‘உடையும்’ என்ற நிலையத்துக்குப் போகலாம். அதுவும் ஒருமுறைச் சீட்டல்ல, சீசன் டிக்கெட். அழகான உவமை. ஆனால் செல்லும் சீட்டுக்கும் செல்லாத சீட்டுக்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நிலையத்தில் ஏதோ ஒன்று அதைச் செல்லுபடியாக்க வேண்டுமே. உடையக்கூடிய கண்ணாடிக்கும் உடையாத எஃகுக்கும் உள்ளே அணுக்கள் பிணைந்திருக்கும் விதத்தில் வேறுபாடு இருக்கிறது. அப்படி எதுவுமே இல்லாமல், ‘அடித்தால் உடைந்திருக்கும்’ என்பது மட்டும் அந்தரத்தில் உண்மையாக நிற்க முடியுமா? முடியாது என்பது டேவிட் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாதம் (1968), எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தீக்குச்சிக் கேள்வி இங்கேதான் திரும்பி வருகிறது.

இதே இடத்தில் டொனால்ட் டேவிட்சன் 1963இல் தந்த வாதத்தையும் வைக்க வேண்டும். ஒருவர் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். மணமக்களை வாழ்த்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. கடன் வாங்கிய ஆள் அங்கே வருவான், பிடித்துவிடலாம் என்ற எண்ணமும் இருக்கிறது. இரண்டும் உண்மையாகவே அவரிடம் இருக்கின்றன. இரண்டுமே போவதற்குப் பொருத்தமான நியாயங்கள். ஆனால் அவர் போனது கடனுக்காக. இந்த ‘ஆக’ என்பதற்கு என்ன பொருள்? இரண்டு இயல்புகளும் இருக்க, ஒன்று மட்டும் வேலை செய்திருக்கிறது. வேலை செய்தது என்றால் அதுதான் அவரைக் கிளப்பியது, அதாவது அதுதான் காரணம். மனநிலை நடத்தைக்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டால், மனநிலையும் நடத்தையும் ஒன்று என்று சொல்ல முடியாது. எதுவும் தனக்குத் தானே காரணமாகாது.

வலியை வைத்து இதேபோல வாதாடியவர் ஹிலரி பட்னம். இளம்பிள்ளைவாதம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வைரஸ் தெரியாத காலத்தில் அறிகுறிகளை வைத்துத்தான் நோயைச் சொன்னார்கள். அதனால் ‘இளம்பிள்ளைவாதம்’ என்ற சொல்லின் பொருள் அந்த அறிகுறிகளா? வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதும், எல்லா அறிகுறியும் இருந்தும் சிலருக்கு வந்தது இந்த நோயல்ல என்று சொல்ல முடிந்தது. தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கால் முடங்குவதே இல்லை. சொல் முதலிலிருந்தே அறிகுறிகளின் பின்னால் இருக்கும் காரணத்தைத்தான் சுட்டியது. வலியும் அப்படித்தான்: அலறலும் முனகலும் அறிகுறிகள், வலி அவற்றின் காரணம். பிறகு அவர் ஓர் ஊரைக் கற்பனை செய்தார். முதலில், வலி தாங்கமுடியாமல் இருந்தும் ஒருபோதும் காட்டிக்கொள்ளாத மகா ஸ்பார்ட்டர்கள் (வலி பொறுக்கப் பெயர்போன பழங்காலக் கிரேக்க வீரர்களின் பெயரால்). ஆனாலும் கேட்டால் “வலிக்கிறது” என்று ஒப்புக்கொள்வார்கள். அடுத்து, அதையும் விட்டுவிட்ட ஒரு சமூகம்: வலி என்ற சொல்லே அவர்களிடம் கிடையாது, வலி உண்டென்ற பேச்சையே ஏற்கமாட்டார்கள், முனகுவதற்கான சாய்வுகூட மிச்சம் இல்லை. நீங்கள் சொன்ன பல்லைக் கடிப்பவரைவிட இது எவ்வளவோ கூர்மையானது, ஏனென்றால் தெர்மாகோல் பதிலுக்கு இங்கே இடம் விடவில்லை. இருந்தும் அவர்களுக்கு வலி இருக்கலாம் என்று சொல்வதில் எந்த முரணும் இல்லையே என்கிறார் பட்னம்.

நடத்தைவாதத்தின் இடத்துக்கு வந்த கொள்கைகள் அதைத் தூக்கி எறியவில்லை, பழுதுபார்த்தன. ரைலின் மாணவரான யூ. டி. பிளேஸ் 1956இல், நம்பிக்கை, விருப்பம் போன்றவற்றுக்கு இயல்பு என்ற விளக்கமே போதும், வலி போன்ற உணர்வுகளுக்கு மட்டும் அது போதாது, அவை மூளை நிகழ்வுகள் என்றார். ஸ்மார்ட் 1959இல் அதை விரித்தார். செயற்பாட்டுவாதம் இன்னும் சாமர்த்தியமான பழுது: மனநிலை என்பது உள்ளீடு, நடத்தை, மற்ற மனநிலைகள் மூன்றோடும் அது கொண்டிருக்கும் காரண உறவுகளின் இடம். நம்பிக்கை–விருப்பம் வட்டம் என்ன ஆனது? டேவிட் லூயிஸ் காட்டிய வழி, ஒவ்வொரு சொல்லையும் தனியாக வரையறுக்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரையறுப்பது. இரண்டு தெரியாத எண்களை இரண்டு சமன்பாடுகளை வைத்துச் சேர்த்துக் கண்டுபிடிக்கிறோமே, அந்த மாதிரி. தனித்தனியாகக் கேட்டால் வட்டம். சேர்த்துக் கேட்டால் தீர்வு.

மறுபக்கத்திலிருந்தும் ஒரு தாக்குதல் உண்டு: மனம் இல்லாமலே சரியான நடத்தை. 1981இல் நெட் பிளாக் ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்தார். ஒரு மணி நேரத்துக்குள் நடக்கக்கூடிய அர்த்தமுள்ள உரையாடல்கள் அத்தனையையும் முன்கூட்டியே ஆட்கள் எழுதி உள்ளே போட்டுவிட்டார்கள். நீங்கள் தட்டியதைத் தேடி எடுத்து, அதற்கு அடுத்த வரியைத் தருகிறது, அவ்வளவுதான். இதன் பேச்சு நடத்தையும், பேசுவதற்கான இயல்பும் புத்திசாலி ஒருவருடையதேதான். புத்தியோ, ரொட்டி சுடும் டோஸ்டரின் அளவு. அத்தனை உரையாடல்களையும் சேமிக்கப் பிரபஞ்சத்திலேயே இடம் போதாது என்பது உண்மை, ஆனால் வாதத்துக்கு அது நடைமுறையில் சாத்தியமாக வேண்டியதில்லை. நடத்தை எப்படி உண்டாகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும் என்பதே பாயிண்ட். இன்றைய உரையாடல் நிரல்கள் இந்த மாதிரி தேடி எடுப்பவை அல்ல, எனவே பிளாக்கின் இயந்திரத்தை அப்படியே அவற்றின் மேல் வைக்கக் கூடாது. ஆனால் “நன்றாகப் பேசுகிறது, அதனால் புரிந்துகொள்கிறது” என்று ஒருவரும், “உள்ளே வெறும் கணக்கு, அதனால் புரியவில்லை” என்று மற்றவரும் சண்டை போடும்போது, முதலாமவர் பாதி நடத்தைவாதி என்பதை அவர் உணர்வதில்லை.

விட்கென்ஸ்டைனையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். சேர்க்கக் கூடாது. 1953இல் வெளிவந்த நூலில் ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி, உள்ளே ‘வண்டு’ என்று அவர்கள் சொல்லும் ஏதோ ஒன்று, அடுத்தவர் பெட்டிக்குள் யாரும் பார்க்க முடியாது என்று ஓர் உதாரணம் வரும். அதைப் படித்துவிட்டு வண்டு இல்லை என்கிறார் என்று முடிவுகட்டுவது தவறு. சொல்லின் பொருளைப் பெட்டிக்குள் இருப்பது நிர்ணயிக்க முடியாது என்கிறார், அவ்வளவுதான். “நீ மாறுவேடம் போட்ட நடத்தைவாதிதானே?” என்று ஒருவர் கேட்பதாக அவரே எழுதி, மறுக்கவும் செய்கிறார்.

இங்கே ஒரு சிறு இலக்கண விஷயம். ‘வலி’ என்ற பெயர்ச்சொல்லைக் கேட்டதும் அது எங்கே இருக்கிற பொருள் என்று தேடத் தோன்றுவதுதான் இந்தத் தொல்லைக்கெல்லாம் ஊற்று என்று ரைலும் விட்கென்ஸ்டைனும் சந்தேகித்தார்கள். ஆங்கிலத்தில் வலியை ஒரு பொருள் மாதிரி ‘வைத்திருக்கிறார்கள்’. தமிழில் நமக்கு இயல்பாக வருவது “எனக்குப் பல் வலிக்கிறது” என்ற வினை. வைத்திருக்க எதுவும் இல்லை. தமிழில் யோசித்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சொல்லவரவில்லை. அந்த ‘எனக்கு’ இருக்கிறதே, அது போகவே போகாது. நடத்தைவாதத்தின் மிகப் பலவீனமான இடமும் அதுதான். பழைய நகைச்சுவை ஒன்று: இரண்டு நடத்தைவாதிகள் சந்தித்துக்கொண்டபோது ஒருவர் சொன்னாராம், “நீங்க நல்லா இருக்கீங்க, நான் எப்படி இருக்கேன்?” ரைல் இந்தக் கசப்பை ஏறக்குறைய விழுங்கினார்: என்னைப் பற்றி நான் அறியும் வழியும் உங்களைப் பற்றி அறியும் வழியும் அடிப்படையில் ஒன்றே, என்னோடு நான் அதிக நேரம் இருக்கிறேன் என்பதே வேறுபாடு என்கிற மாதிரி எழுதினார். என் சோம்பேறித்தனத்தைப் பற்றி இது அப்படியே உண்மை. என் மனைவிக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். என் பல்வலியைப் பற்றி இது உண்மையே இல்லை.

ரைலிடம் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டியது, ‘செய்யத் தெரிவது’ பற்றிய வாதம். புத்தியோடு செய்வது என்றால் முதலில் மனதுக்குள் விதியைப் படித்து, பிறகு அதன்படி செய்வது என்று வைத்துக்கொண்டால், அந்தப் படிப்பதையும் புத்தியோடு செய்ய வேண்டும், அதற்கு முன்னால் இன்னொரு விதி, முடிவே இல்லை. கோமாளி வேண்டுமென்றே தடுக்கி விழுவதும், கவனமில்லாதவர் விழுவதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால் கோமாளி விழுவதற்கு முன் உள்ளே ரகசியமாக இன்னொரு வேலை செய்வதில்லை; அந்த விழுதலையே திறமையாகச் செய்கிறார். 2001இல் ஸ்டான்லி, வில்லியம்சன் என்ற இரண்டு தத்துவவாதிகள் இதை எதிர்த்து எழுதியபோது சண்டை மறுபடி சூடுபிடித்தது, இன்னும் ஓயவில்லை. இறந்துபோன கொள்கையோடு யாரும் இப்படி மல்லுக்கட்டமாட்டார்கள்.

கடைசியாக, இது வெறும் நாற்காலி விவாதம் என்று தோன்றினால், பச்சிளங்குழந்தை அறுவைச் சிகிச்சையைப் பாருங்கள். 1980கள் வரை பல மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு மிக லேசான மயக்க வாயுவும் தசைமுடக்க மருந்தும் கொடுத்தே அறுவை செய்தார்கள். ஸ்மித் தனக்குச் செலுத்திக்கொண்ட அதே மருந்து. குழந்தை அசையவில்லை. 1987இல் கே. ஜே. எஸ். ஆனந்தும் சகாக்களும் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஆய்வில், அதோடு ஃபென்டனில் என்ற வலிநீக்கியும் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மன அழுத்த ஹார்மோன்களின் எழுச்சி வெகுவாகக் குறைந்தது, அறுவைக்குப் பின் சிக்கல்களும் குறைந்தன. அசையாத உடலுக்குள் ஏதோ நடந்துகொண்டுதான் இருந்தது. இன்று பேச முடியாத குழந்தையின் வலியைச் செவிலியர் அளப்பது முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுவது என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு. கூட்டினால் 0 முதல் 10. முழுக்க நடத்தை, ஹெம்பெல் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் தசைமுடக்க மருந்து ஏற்றிய குழந்தைக்கு இந்த அளவுகோலைப் பயன்படுத்தக் கூடாது. 0 வரும், அந்த 0க்குப் பொருள் கிடையாது. வலியின் வரையறைக்குச் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் சேர்த்த குறிப்பும் இதையே சொல்கிறது: வலியை வெளிப்படுத்தும் பல நடத்தைகளில் பேச்சு ஒன்று மட்டுமே, தெரிவிக்க முடியாமல் இருப்பதால் வலி இல்லை என்றாகாது.